ஜனத்தொகைக் கவலை இருக்கட்டும், வீட்டுக்குள் இருக்கும் கணக்கைப் பாருங்கள்

"ஜனங்க பெருத்துப் போச்சுங்க டாக்டரம்மா, அதான் எல்லாக் கஷ்டமும்." இந்த வசனத்தைப் புறநோயாளிகள் பிரிவில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்பவர் பெரும்பாலும் ஆண். சென்ற வாரம் சொன்னவர் கூடவே 800 கோடி என்று உலகக் கணக்கையும் ஒப்பித்தார். பக்கத்தில் அவர் மனைவி. ஏற்காடு அடிவாரத்துப் பெண், வயது 20, இடுப்பில் 14 மாதக் குழந்தை, வீட்டில் இன்னொன்று, வயிற்றில் மூன்றாவது. ஹீமோகுளோபின் 6.4. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இந்த எண் அந்தக் கணவருக்குத் தெரியவில்லை. முதல் பிரசவம் எந்த வயதில் நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 18க்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது குற்றம் என்று இன்னும் எத்தனை வருஷம் சொல்வது?

ஜனத்தொகை பற்றிய கவலையே வீண் என்று நான் சொல்லவில்லை. தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் ஆள் கூடினால் நெருக்கடிதான். ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைதான். ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்பவே 2.1 வேண்டும். இந்திய சராசரியே 2.0க்கு வந்துவிட்டது. பிறகும் மொத்த எண்ணிக்கை ஏறுவதற்குக் காரணம், பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் நிறைய. இப்போது ஜனத்தொகையை வைத்து எம்.பி. தொகுதிகளைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறைப் பேச்சு கிளம்பியதும் மேடையில் சிலர் 'நிறையப் பெத்துக்குங்க' என்கிறார்கள். முன்பு குறை என்றார்கள், இப்போது கூட்டு என்கிறார்கள். இரண்டுக்கும் உடம்பைக் கொடுப்பவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே ஆய்வில் நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மேடைகளில் இது வருவதில்லை.

எண்ணிக்கையைக் குறைத்தால் நலம் தானாக வந்துவிடாது என்பதற்கு நம் சேலத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். 'அளவான குடும்பம்' சுவரெல்லாம் எழுதியிருந்த காலத்திலேயே, அந்த அளவுக்குள் ஓர் ஆண் பிள்ளை கட்டாயம் என்று வீட்டில் எழுதாத சட்டம் இருந்தது. பெண் சிசுக்கள் பலியாயின. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் அரசு இங்கேதான் தொடங்க வேண்டி வந்தது. எங்கள் துறையில் சீனியர்கள் அந்த வருஷங்களைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

சரி, எனக்கு நிஜமாகவே எரிச்சல் மூட்டுவதற்கு வருகிறேன்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நீங்க பண்ணிக்கறீங்களா?" என்று கணவரிடம் கேட்டால் போதும், ஜனத்தொகைப் பேச்சு அப்படியே நின்றுவிடும். "அவரு லீ பஜார்ல மூட்டை தூக்கறவருங்க, நரம்பு தளந்துடும்" என்று மாமியார் முந்திக்கொள்வார். கொலுசுப் பட்டறைக்காரர் பற்றவைக்கக் குனிய முடியாது என்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் ஒரு காரணம் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பயம்: ஆம்பளத்தனம் போய்விடும்.

போகாது. விரையிலிருந்து விந்தணு வரும் மெல்லிய குழாயை மட்டும் வெட்டி அடைக்கிறோம். விரையைத் தொடுவதே இல்லை. ஆண் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாக வருவதில்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதனால் மீசை, குரல், ஆசை, விறைப்பு எல்லாம் இருந்தபடியே இருக்கும். திரவமும் வரும், அதில் விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம் என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தையல் இல்லாத இன்றைய முறையில் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, தோலில் சின்னத் துளை போட்டு, அரை மணிக்குள் முடித்துவிடலாம். அன்றே வீடு. ஒரு வாரம் பாரம் தூக்காதீர்கள், பிறகு தாராளமாக மூட்டை தூக்கலாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். திறந்து தைத்த வயிற்றோடு அவள் குடம் தூக்கும்போது யாருக்கும் நரம்பு ஞாபகம் வருவதில்லை! அந்த 2019-21 ஆய்வின்படி நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட மனைவியர் நூற்றுக்கு சுமார் 38 பேர். கணவர் செய்துகொண்டவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.3.

நெருக்கடி நிலையின்போது 1976-77இல் வடக்கே ஆண்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டங்கூட்டமாக ஆபரேஷன் செய்த பயம் இன்னும் மிச்சமிருக்கிறது, புரிகிறது. அது அநியாயம்தான். அதற்கு விலையை ஐம்பது வருஷமாகப் பெண்களே கொடுக்க வேண்டுமா?

இனி, செய்ய வேண்டியது. 'பால் குடுக்கறா, எப்படித் தங்கும்?' என்று நம்பி உட்காராதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், வேறு எதுவுமே கொடுக்காமல், இரவு பகல் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும். ஒன்று பிசகினாலும் போச்சு. பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைந்தது இரண்டு வருஷம் வேண்டும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, சாயா கருத்தடை மாத்திரை, ஆணுறை எல்லாமே அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மலைக்கிராமத்தில் இருப்பவர்கள் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம், நர்சம்மாவிடம் கேளுங்கள். எது ஒத்துக்கொள்ளும் என்று அந்தப் பெண்ணோடு பேசி முடிவு செய்கிறோம். மாமியார் தயவுசெய்து ஐந்து நிமிஷம் வெளியே இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது.

ஆபரேஷனுக்கு வரும் ஆண்களே, உங்களைக் கும்பிட்டு வரவேற்கிறேன். ஒன்றே ஒன்று. அன்றைக்கே பலன் வந்துவிடாது, மூன்று மாதம் ஆணுறை கட்டாயம். அதற்குப் பிறகு விந்துப் பரிசோதனைக்கு வந்து, 'அணு இல்லை' என்று ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கு வராமல் இருந்துவிட்டு, மனைவிக்குத் தள்ளிப்போனதும் அவள்மேல் சந்தேகப்பட்டு இங்கே இழுத்துக்கொண்டு வராதீர்கள்.