மூடிய மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு பி.எஃப். பென்ஷன்: பி.எஃப். ஆபீஸ் கவுண்டரில் யாரும் சொல்லாத விஷயங்கள்

2010-ல் டைடல் பார்க் வந்ததிலிருந்து கோவை ஐ.டி. ஊராகிவிட்டது என்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதே பீளமேட்டில் மில்லில் கோன் வைண்டிங் (நூல் சுற்றும் மெஷின்) ஓட்டிய அக்காக்கள் தங்கள் பென்ஷனைக் கேட்கப் போனால், யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான ஒரே நிரந்தர எண்) இருக்கா, ஓ.டி.பி. வந்ததா என்கிறார்கள். யு.ஏ.என். வந்ததே 2014-ல். அவர்கள் மில் அதற்கு முன்பே மூடியாச்சு. பலர் அந்த ஒரு கேள்வியோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

திட்டம் இவ்வளவுதான்: இ.பி.எஸ்.-95, அதாவது பி.எஃப். பிடித்த தொழிலாளர்களுக்கான 1995 பென்ஷன் திட்டம். சர்வீஸ் 10 வருஷம், வயது 58, குறைந்தது மாதம் 1,000 ரூபாய். கேட்க வேண்டியது 10டி படிவத்தில். கணவர் கேட்காமலே இறந்திருந்தாலும், அவருக்கு 10 வருஷம் இருந்தால் மனைவி கேட்கலாம்.

அந்த 10 வருஷத்தில்தான் ஏமாறுகிறோம். அது ஒரே மில்லில் இருக்க வேண்டியதில்லை, பி.எஃப். பிடித்த எல்லா மில்லையும் கூட்டிக்கொள்ளலாம். 1971 குடும்ப பென்ஷன் திட்டத்தில் இருந்த வருஷங்களும் சேரும். நான் ஒரு அக்காவோடு போயிருந்தேன். முதல் மில்லில் 7 வருஷம், அடுத்ததில் 4. கவுண்டரில் அந்த 4-ஐ மட்டும் பார்த்துவிட்டு "பத்து வருஷம் இல்லைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பழைய பி.எஃப். ஸ்லிப், மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது, அதில்தான் முதல் மில்லின் பி.எஃப். எண் இருந்தது. அதற்காக மறுபடி மூன்று நடை. பழைய தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது 10சி படிவம். மில் மூடும்போது படிவங்களைக் கட்டாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்களே, அதில் 19-ஆம் படிவம் என்றால் பி.எஃப். பணம் மட்டும். 10சி போட்டுப் பென்ஷன் பங்கையும் பணமாக வாங்கியிருந்தால் அந்த மில் சர்வீஸ் போச்சு, பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் (சர்வீஸைக் காட்டும் சான்று) வாங்கியிருந்தால் சர்வீஸ் அப்படியே இருக்கிறது. "எல்லாம் எடுத்துட்டீங்க" என்று வாயால் சொன்னால் எழுந்து வராதீர்கள். எந்தப் படிவம், எந்தத் தேதி, எவ்வளவு பணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் பேர். மில் ரெஜிஸ்டரில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பேர் பின்னால். ஒன்றில் பழனிச்சாமி, இன்னொன்றில் பழனிசுவாமி. பிறந்த தேதி சேரும்போது மேஸ்திரி குத்துமதிப்பாகச் சொன்னது. இதைத் திருத்த கூட்டு உறுதிமொழிப் படிவம் உண்டு. "முதலாளி கையெழுத்து வேணும்" என்பார்கள், மூடின மில்லுக்கு முதலாளியை எங்கே தேடுவது? கெஜட்டட் அதிகாரியோ வங்கி மேலாளரோ சான்றொப்பம் போட்டால் போதும். 10டி கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மனு திரும்பி வந்து மாதக்கணக்கில் இழுக்கும்.

58 தாண்டி வருஷங்கள் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள், அரியர் உண்டு. இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. அரியரில் பங்கு கேட்கும் ஏஜென்ட்டிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுக்கவே வேண்டாம்.

பென்ஷன் வந்த பிறகும் சிக்கிக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. வருஷம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நவம்பர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். விரல் ரேகை தேய்ந்து மெஷினில் விழவில்லை என்றால் முகத்தை வைத்துப் பதியும் ஆப் இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகளின் போனிலேயே முடிக்கலாம்.

மனு நகரவில்லையா, மாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. மனு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.