கத்துவது பேட் இல்லை

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஈரோட்டுக்கார வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். டர்போ எஞ்சின் கார் வைத்திருக்கிறார். ஞாயிறு காலையில் நந்தி மலைக்குப் போய்வரவே வாங்கியதாம். "கம்பெனி பிரேக் பேடைக் கழற்றிவிட்டு, வெளி மார்க்கெட்டில் பெர்ஃபார்மன்ஸ் பேட் வாங்கி மாட்டினேன். மலை இறக்கத்தில் பிடி பிரமாதம். ஆனால் சில்க் போர்டு சிக்னலில் வண்டி நிற்கப் போகும்போது கீச்சென்று ஒரு சத்தம். பக்கத்து பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். இவ்வளவு காசு கொடுத்து ஏமாந்துவிட்டேனா? அதுவும் ஏன் கடைசி இரண்டு மூன்று மீட்டரில் மட்டும் கத்துகிறது?"

பிரேக் வேலை செய்யும் விதம் பள்ளிக்கூடப் பாடம்தான். மிதித்தால் எண்ணெய் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது, காலிப்பர் என்ற கிடுக்கி, பேட் எனும் உராய்வுக் கட்டை இரண்டையும் சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்பு டிஸ்க்கின் இருபுறமும் நெருக்குகிறது, உராய்வு வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. 1,400 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் ஏறக்குறைய 3,45,000 ஜூல் வெளிவரும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் துளியூண்டு சத்தமாகக் கசிந்தாலே போதும், காது கூசும். ஏனென்றால் நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. பிரேக்கின் கீச்சு பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் வந்து உட்காருகிறது.

அவருக்கு உடனே பதில் எழுதவில்லை. ஒரு வேலை கொடுத்தேன். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் காரை 5 கி.மீ. வேகத்தில் ஓட்டி லேசாகப் பிரேக் போடுங்கள், அப்புறம் 15 கி.மீ. வேகத்தில் ஒரு முறை. பக்கத்தில் உட்காருபவர் போனில் அதிர்வெண் காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் ஊசி மாதிரி ஒரே கோடு, 2,300 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். வேகம் மூன்று மடங்கானபோதும் சுருதி அசையவே இல்லை.

நோயைக் கண்டுபிடிக்க எனக்கு இது போதும். டிஸ்க்குக்குப் பின்னாலிருக்கும் தகட்டில் கல் சிக்கியிருந்தால் சக்கரம் சுற்றும் தாளத்துக்கு ஏற்ப "ஷிர்... ஷிர்..." என்று வரும்; வேகம் கூடினால் தாளமும் கூடும். பேட் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டு எச்சரிக்கவென்றே சில பேடில் சின்ன இரும்பு நாக்கு உண்டு. அது வளைந்திருந்தால் பிரேக் போடாமலே கத்தும். கரகரவென்று அரைத்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது, வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். ஆனால் பிரேக் போடும்போது மட்டும், எந்த வேகத்திலும் ஒரே சுருதியில் ஒரு சத்தம் வந்தால் அது பாட்டு. பாடுவது யார்?

வயலினை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லை வேகமாக இழுத்தால் சத்தம் கூடும், ஸ்வரம் மாறாது. ரோசின் என்ற பிசின் தடவிய வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, தந்தி நழுவித் திரும்புகிறது, மறுபடி மாட்டுகிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது தந்தி, வில் அல்ல. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் இதில்தான் பல வருடம் மூழ்கிக் கிடந்தார். கல்கத்தாவில் நிதித்துறை வேலை போக மிச்ச நேரத்தில் தொடங்கிய ஆராய்ச்சி. வில் இசைக்கும் தந்தியைப் பற்றி 1918-இல் ஒரு பெரிய கட்டுரை, அடுத்து இயந்திரமே வாசிக்கும் வயலின். வில்லை எவ்வளவு அழுத்தினால் ஸ்வரம் நிற்கும், வேகம் மாறினால் அழுத்தம் எப்படி மாற வேண்டும் என்று அதை வைத்து அளந்தார். இன்றைக்கு ஒரு இளம் விஞ்ஞானி வயலின் வாசிக்கும் மெஷின் கட்டப் பணம் கேட்டால் "இதனால் நாட்டுக்கு என்ன லாபம்?" என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். 2020-21-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிட்ட நாடு நாம். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாதவர்களுக்கும் அதில் கொஞ்சம் போக வேண்டும் என்பது என் கட்சி.

காருக்கு வருவோம். இங்கே வில் என்பது பேட், தந்தி என்பது டிஸ்க். ஹலசூரில் நான் வண்டி விடும் மெக்கானிக் அண்ணன், பழைய டிஸ்க் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டிக் காட்டுவார். கோயில் சேகண்டி போல ணங்கென்று நீண்டு ஒலிக்கும். "பார்த்தீங்களா சார், கத்துறது பேட் இல்ல, இவன்தான்" என்பார். சரியான பேச்சு. பேட் குட்டையான கட்டி, அதிலிருந்து அவ்வளவு சத்தம் காற்றில் பரவாது. அகலமான டிஸ்க்தான் ஒலிபெருக்கி. அதன் விளிம்பு சில மைக்ரான் அளவுக்கு, அலையலையாக உள்ளேயும் வெளியேயும் நெளிகிறது.

ஆனால் பேட் சுற்றுகிற திசையில் உரசுகிறது, டிஸ்க் பக்கவாட்டில் நெளிகிறது. இழுப்பு ஒரு பக்கம், ஆட்டம் இன்னொரு பக்கம். இது எப்படி நடக்கும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கரும்பலகையில் சாக்பீஸை நினைவிருக்கிறதா? நுனி பின்னால் வர, சாய்த்து இழுத்தால் வழவழவென்று எழுதும். நுனி முன்னால் நீட்டியிருக்க, தள்ளிக்கொண்டு போனால் கீச்சென்று கத்தும். கோடு புள்ளி புள்ளியாக விழும். தள்ளும்போது என்ன நடக்கிறது? உராய்வு நுனியைப் பின்னுக்கு இழுக்கிறது. சாக்பீஸ் சாய்ந்திருப்பதால் அந்த இழுப்பே நுனியைப் பலகைக்குள் இன்னும் குத்துகிறது. குத்தினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் இன்னும் குத்தும். தாங்க முடியாத கட்டத்தில் சாக்பீஸ் வளைந்து, துள்ளி, விடுபட்டு, மறுபடி வந்து குத்துகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. பாதியாக உடைத்துவிட்டால் கத்தல் மாறிவிடும் என்பது எந்த வாத்தியாருக்கும் தெரியும். பிரேக் கீச்சுக்கு இந்த விளக்கத்தை 1960-களின் தொடக்கத்தில் ஸ்பர் என்பவர் முன்வைத்தார்.

காலிப்பருக்குள் பேடும் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. சுழலும் டிஸ்க் இழுக்க இழுக்க, பேடின் முன்விளிம்பு லேசாக மூக்கைக் கவிழ்த்து டிஸ்க்குக்குள் குத்துகிறது. டிஸ்க் அந்த இடத்தில் நெளிந்து விலகுகிறது, அழுத்தம் குறைய பேட் பின்வாங்குகிறது, டிஸ்க் திரும்பி வருகிறது. டிஸ்க்கின் நெளிவுக்கும் பேடின் கவிழ்தலுக்கும் இயல்பான அதிர்வெண் தனித்தனி. அவை எட்ட எட்ட இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. கிட்டக்கிட்ட இருந்தால் உராய்வு இரண்டையும் ஒரே தாளத்துக்குக் கட்டிவிடுகிறது. ஊஞ்சலில் இருப்பவர் திரும்பி வரும் சரியான நொடியில் யாரோ தள்ளிவிடுவது போல, ஒவ்வொரு சுற்றிலும் காரின் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் ஆற்றல் ஆட்டத்துக்குள் ஏறிக்கொண்டே போகிறது. அதற்குப் பேட் எங்கேயும் ஒட்டி நிற்கக்கூட வேண்டாம். வழுக்கிக்கொண்டே பாடும்.

கடைசி இரண்டு மீட்டர் விஷயம் இதற்கும் பழையது. வேகம் குறையக் குறைய உராய்வு கூடுகிற பொருள் ஆட்டத்தைத் தூண்டிவிடும் என்று 1938-லேயே மில்ஸ் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். பல பேடுகளின் குணம் அது. அப்புறம் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்: கார் 5 கி.மீ. வேகத்தில் உருளும்போது, பேடுக்கு அடியில் டிஸ்க் நகரும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் போல வருகிறது. வித்வான் வில்லை இழுக்கும் வேகமும் அந்தக் கணக்குதான்.

அப்படியானால் கம்பெனி பேட் ஏன் கத்தவில்லை? மலை இறக்கச் சூட்டிலும் பிடிக்க வேண்டும் என்பதற்காக இந்த மாதிரிப் பேடில் உலோகத் தூள் அதிகம், உராய்வும் அதிகம், கலவையும் விறைப்பு. சூடானால் சமர்த்தாக இருக்கும். அவுட்டர் ரிங் ரோட்டின் ஊர்வலத்தில் சூடாக வாய்ப்பே இல்லை. மழை நாளில் காலையில் டிஸ்க் மேல் பூத்த துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இது ஏமாற்று அல்ல. ஓட்டப்பந்தயக் குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் பூட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

கத்தலை நிறுத்த மூன்று விஷயம் சொன்னேன். புது பேட் மாட்டியதும், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை எட்டுப் பத்து தடவை, முழுக்க நிறுத்தாமல் வேகம் குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் தயாரித்தவர் வேறு முறை சொல்லியிருந்தால் அதுதான் சரி. டிஸ்க் மேல் பேட் பொருள் ஒரே சீராகப் படலமாகப் படிய இது வேண்டும். காலிப்பர் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைக்க வேண்டும். பேடின் முதுகில் ஷிம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டோடு ரப்பர் போன்ற படலம் ஒட்டிய சின்ன அட்டை அது; ஆட்டத்தை உறிஞ்சிச் சூடாக்கிவிடும். சேகண்டியைத் தட்டிவிட்டு விரலை வைப்பது மாதிரி.

அவருடைய அம்மா கண் பட்டதென்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாராம். பழத்துக்குத்தான் சேதம், நான் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒரு ஒர்க்ஷாப்பில் டிஸ்க் மேல் எண்ணெய் ஸ்பிரே அடிக்கலாம் என்றார்களாம். அதற்கு மட்டும் போனிலேயே கத்திவிட்டேன். சத்தம் நிற்கும், கார் நிற்காது.

போன வாரம் படம் ஒன்று அனுப்பியிருந்தார். கழற்றிய பழைய பேடுகள், அட்டைப் பெட்டியில். ஷிம் நான்கும் அவற்றின் முதுகில் அப்படியே இருந்தன. புதியதற்கென்று தனியாக விற்கும் ஷிம்மை யாரும் வாங்கவே இல்லை.