பாட்டியை வகுப்பறைக்குள் அழையுங்கள்

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் ஆகிய பழங்குடிகளின் வீட்டுப் பிள்ளைகள் முதல் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். மந்தம் என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. அதே பிள்ளை இடைவேளையில் தங்கச்சியிடம் மூச்சுவிடாமல் பேசும். அது பேசுவது தன் வீட்டு மொழி; நாம் பேசும் தமிழ் அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

உடனே பெற்றோரைக் கூப்பிட்டு, "வீட்டிலும் தமிழிலேயே பேசுங்க" என்கிறோம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் தயவுசெய்து சொல்லாதீர்கள். தமிழ் சரளமாக வராத அம்மா, பிள்ளையிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வாள். கதை போகும், காட்டைப் பற்றிய பேச்சு போகும், திட்டுகூடச் சுருங்கிவிடும். வீட்டு மொழியில் நிறையப் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் இரண்டாவது மொழியையும் நன்றாகப் பிடிக்கிறது.

இதே நிலை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கும் இருந்தது. பள்ளியில் தாய்மொழி பேசி அடிவாங்கிய தலைமுறை, தன் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசியது. தாத்தா பாட்டிக்கு மட்டும் மொழி மிஞ்சியது. 1982-இல் அந்தப் பெரியவர்களையே மழலையர் மையங்களுக்கு அழைத்து, நாள் முழுக்க மாவோரியில் மட்டும் பிள்ளைகளோடு பேசச் சொன்னார்கள். கோஹங்கா ரியோ என்ற அந்த மையங்கள் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் பெருகின. 1987-இல் மாவோரி ஆட்சிமொழியும் ஆனது.

அதைப் பார்த்து ஹவாய் மக்கள் 1984-இல் தங்கள் முதல் மையத்தைத் திறந்தார்கள். அங்கே ஹவாய் மொழிவழிப் பள்ளிகளை 1896-ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கியிருந்தது. போதாததற்கு, மொழி தெரிந்த முதியவர்களிடம் ஆசிரியர் சான்றிதழ் இல்லை. பெற்றோர்கள் விடாமல் அழுத்தம் கொடுத்து, 1986-இல் இரண்டு தடைகளையும் சட்டத்தின் மூலமே தளர்த்தவைத்தார்கள்.

1997-இல் இந்த வழிமுறை வடக்குப் பின்லாந்தின் இனாரி சாமி என்ற பூர்வகுடி மக்களிடம் போனது. அந்த மொழியைப் பேசுபவர்கள் சில நூறு பேர்தான். பிள்ளைகள் பேசத் தொடங்கியதும் வேறொரு சிக்கல்: மேல்வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, நடுத்தர வயதினருக்கு மொழி தெரியாது. எனவே 2009-இல் பெரியவர்களுக்கென்று ஓராண்டு தீவிரப் பயிற்சி தொடங்கினார்கள். பாடம் படித்ததோடு, மொழி தெரிந்த முதியவர்களோடு பழகியும் கற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். குழந்தை, பெற்றோர், முதியவர் என்று மூன்று தலைமுறையையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

பன்னாட்டு ஒத்துழைப்பு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு சிறிய சமூகம், தான் பட்டு அறிந்ததை இன்னொரு சிறிய சமூகத்துக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது. ஐ.நா. 2022 முதல் 2032 வரையான காலத்தைப் பூர்வகுடி மொழிகளின் பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. ஒலிப்பதிவும் அகராதியும் அவசியம்தான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் காதில் தினமும் விழாத மொழியை அவற்றால் மட்டும் காப்பாற்ற முடியாது. கிடைக்கிற நிதியில் முதல் பங்கு மழலையர் வகுப்புக்குப் போக வேண்டும்.

நம் அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க வசதி செய்யும்படி 1956 முதலே மாநிலங்களைக் கேட்கிறது. ஒடிசா சந்தாளி, சவரா, கோயா உள்ளிட்ட பழங்குடி மொழிகளில் பாடநூலே தயாரித்திருக்கிறது.

பாடநூல் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். ஊரில் நன்றாகக் கதை சொல்லும் ஒரு பாட்டியை அங்கன்வாடிக்குத் தினமும் இரண்டு மணி நேரம் வரச் சொல்லுங்கள். பாட்டு, கதை, சாப்பாட்டு நேரப் பேச்சு, எல்லாம் அவர் மொழியில் நடக்கட்டும். முதல் வகுப்பிலும் பிள்ளை தன் மொழியில் பதில் சொன்னால் ஏற்றுக்கொண்டு, அதன் மேல் தமிழைச் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பாட்டிக்கு மாதச் சம்பளம் கட்டாயம் வேண்டும். தோட்டக்கூலியை விட்டுவிட்டு வருபவரிடம் சேவை மனப்பான்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கல்வித் தகுதி என்ன என்று அலுவலகத்தில் கேட்பார்கள். ஹவாய்க்காரர்கள் அந்த விதியை மாற்றவைத்ததை அங்கே எடுத்துச் சொல்லுங்கள்.