எழுத்தா, ஒலியா? தமிழில் சொற்புதிர் அமைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது

‘நகரம்’ என்பதன் எழுத்துகளை இடம் மாற்றினால் ‘நரகம்’. கலசம் சகலம் ஆகும், தவம் வதம் ஆகும், கதவு தகவு ஆகும். காவிரியை மாற்றிப் போட்டால் அறுபதாண்டு வட்டத்தில் வரும் விகாரி. பள்ளி வினாடி வினாவுக்கும் வார இதழ்ப் புதிர்ப் பக்கத்துக்கும் இப்படிப்பட்ட இணைகள் நிறையத் தேவைப்படுகின்றன. ஆனால் ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட செயலியில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் பெரும்பாலும் குப்பைதான் வரும்.

நமக்கு ‘நகரம்’ நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறி: ந, க, ர, ம, அப்புறம் தனியாக ஒரு புள்ளி. செயலி ஐந்தையும் குலுக்கும்போது புள்ளி வேறோர் எழுத்தின் தலையில் போய் உட்காரும். சொல்லின் முதலிலேயே வந்துவிட்டால் புள்ளிவட்டம்தான் தெரியும். துணைக்கால், கொம்பு எல்லாவற்றுக்கும் இதே கதி. இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ‘கோ’வின் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் எனத் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினி அவற்றை வேறு வேறு என்றே எண்ணும். ஆகவே பட்டியலை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி ‘ஓபன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகத்தில் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் அப்படிப் பிரித்து, எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அடுக்கு ஒத்துப்போகும் சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். இணைகள் தாமே வந்து விழும்.

விழுவது குறைவாகத்தான் இருக்கும். 247 எழுத்துள்ள மொழியில் இரண்டு சொற்களுக்கு எல்லா எழுத்தும் பொதுவாக அமைவது அரிது. மொழிமுதல் விதிகளும் குறுக்கே நிற்கும். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ரகரமும் தொடங்காது (ரதம் போன்ற கடன்சொற்கள் விலக்கு). ‘நகரம்’ என்பதன் நான்கு எழுத்துகளை 24 விதமாக அடுக்கலாம். ‘ம்’ கடைசியில் நின்றுவிட்டால் ஆறு, ரகரத்தில் தொடங்கும் இரண்டையும் தள்ளினால் நான்கு. புதிரை விடுவிப்பவருக்கு இதனால் வேலை சுலபம். குறிப்பே கொடுக்காத நான்கெழுத்துப் புதிரைப் பெரியவர்களிடம் நீட்டினால் அரை நிமிடம்கூடத் தாங்காது.

எனவே இரண்டாம் வகைக்கு, அதாவது ஒலி இணைகளுக்குப் போக வேண்டும். உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்துவிட்டால் களம் சட்டென்று விரியும்: கோபம் – போகம், சாபம் – பாசம், தாகம் – காதம், பாதம் – தாபம், சிதை – திசை, சபை – பசை, பசி – சபி, பரிசு – சுரபி. மதுரையும் பேச்சுவழக்கின் மருதையும்கூட இதில் அடங்கும். சாவி, வாசி, சிவா மூன்றிலும் இருப்பவை அதே நான்கு ஒலிகள். இரண்டு வகையையும் ஒரே சுற்றில் கலக்கவே கூடாது. சபைக்கு விடை பசை என்றால், “எங்கே சார் பை?” என்று மேடையிலேயே கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

போலி இணைகளிலும் கவனம் தேவை. வனம் – நவம் காதுக்கு இணை, கண்ணுக்கு இல்லை: ஒன்றில் றன்னகரம், மற்றதில் தந்நகரம். கொப்புளம் – பொக்குளம் இன்னும் நன்றாக ஏமாற்றும். பிரித்துப் பார்த்தால் முன்னதில் ‘ப்’ இரண்டு, பின்னதில் ‘க்’ இரண்டு. கூட்டுச்சொற்களைத் திருப்பும்போது சந்தி எழுத்து காலை வாரிவிடும்: ‘மலைத்தேன்’ என்பதில் உள்ள ‘த்’ ‘தேன்மலை’யில் கிடையாது.

வகுப்பறைக்கு அட்டைகள் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை 5 செ.மீ. சதுரமாக வெட்டி, அட்டைக்கு ஒரு முழு எழுத்து எழுதுங்கள். ‘கை’யை இணைக்கொம்பு தனி, ககரம் தனி என்று வெட்டக் கூடாது. நகரம், கலசம், தவம், கதவு, காவிரி, விசிறி (இணை: சிவிறி), கைதி (திகை), திருவிழா (விழாதிரு), கோவை (வைகோ), வைகை (கை வை) ஆகிய பத்துக்கும் சேர்த்து 30 அட்டைகள். சொல்லுக்கு ஓர் உறை, நான்கு பேருக்கு ஒரு குழு, உறைக்கு மூன்று நிமிடம். ஒரு சொல்லைக் கண்டுபிடித்ததும் நிறுத்தாமல், அதே அட்டைகளில் இரண்டாவது சொல்லையும் தேடச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புக்கு இது போதும்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒலி இணை. மெய்க்கு நீல மை, உயிருக்குச் சிவப்பு மை. ‘கோபம்’ என்பதற்கு க், ஓ, ப், அ, ம் என ஐந்து அட்டைகள். பெரும்பாலான பிள்ளைகள் நான்குதான் எடுப்பார்கள். விட்டுப்போவது அகரம், ஏனென்றால் அதற்குத் தனிக்குறி இல்லை. அந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அட்டையில் உள்ளதை அப்படியே வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் ‘கோப்ம்’ என்று வரும், அவர்களே சிரித்துத் திருத்திக்கொள்வார்கள். எழுத்து நிலைமாறுதல் (பொருள் மாறாமல் எழுத்துகள் மட்டும் இடம் மாறுவது) நடத்தும் நாளில் சதை – தசை, நாளிகேரம் – நாரிகேளம் இரண்டையும் இதே அட்டைகளால் காட்டிவிடலாம்.

குறுக்கெழுத்துக்குக் குறிப்பு எழுதும்போது சொல் வேற்றுமை உருபோ இடைச்சொல்லோ ஏற்காமல் நிற்க வேண்டும். “சகலமும் கலைந்து கோபுர உச்சியில்” என்று எழுதினால் ‘மு’ புகுந்து கணக்கு கெட்டுவிடும். “கலைந்த சகலம் கோபுர உச்சியில் (4)” என்பதே நேர்மையான குறிப்பு. “குடகில் பிறந்தவள், முறைமாறிய விகாரி (3)” என்பதும் அப்படித்தான். கலைந்த, குழம்பிய, முறைமாறிய போன்ற சுட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

மாணவர் பெயர்களைக் கலைத்து விளையாடும் ஆசை எல்லா வகுப்பிலும் எழும். ஒரு பெயரிலிருந்து கேலிச்சொல் பிறந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளி முடியும்வரை அதுவே பட்டப்பெயர். பெயர்கள் வேண்டுமென்றால் ஊர், ஆறு, ஆண்டுப் பெயர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.