எப்போதும் மூடியே இருக்கும் கதவு

சுங்கை சிப்புட் கடைத்தெருவில், மத்தியான வெயிலில், ஏதாவது ஒரு வங்கி வாசலில் சிலிப்பரோடு நின்று பாருங்கள். யாராவது கண்ணாடிக் கதவைத் திறந்தால் முதலில் சில்லென்று ஆவது முகமல்ல, கால்விரல்கள்தான். குளிர்ந்த காற்று கனமானது. கீழ்ப்பக்கமாகத் தண்ணீர் போல வெளியே வழிந்துவிடும். அதற்கு ஈடாக மேல்பக்கம் வெக்கை உள்ளே நுழையும். சந்தேகமிருந்தால் வீட்டில் ஏர்கோன் போட்ட அறைக் கதவை லேசாகத் திறந்து ஊதுபத்தியைப் பிடியுங்கள். கீழே புகை வெளியே சாயும், மேலே உள்ளே சாயும்.

குளிர்நாட்டில் இது தலைகீழ். உயர்ந்த கட்டடத்தில் சூடான காற்று மேலேறித் தப்பிக்க, கீழ்வாசல் பனிக்காற்றை உறிஞ்சும். இதற்காகத்தான் சுழற்கதவு வந்தது. 1881இல் பெர்லினைச் சேர்ந்த பொக்ஹாக்கர் ஒரு காப்புரிமை பெற்றார். 1888இல் பிலடெல்பியாவின் தியோபிலஸ் வான் கன்னல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

நடுவில் ஒரு தண்டு, அதில் மூன்று அல்லது நான்கு இறக்கைகள், இருபுறமும் வளைந்த சுவர். இறக்கை ஓரங்களில் ரப்பரோ பிரஷோ இருக்கும். நான்கு இறக்கை என்றால் ஒவ்வொரு வளைசுவரும் குறைந்தது 90 பாகை இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு எப்படித் திரும்பி நின்றாலும் ஒவ்வொரு சுவரையும் ஒரு இறக்கையாவது தொட்டுக்கொண்டிருக்கும். ஆள் போகலாம், காற்றுக்கு நேர்வழி கிடையாது. அவரோடு இரண்டு இறக்கைகளுக்கு நடுவில் அடைபட்ட காற்று மட்டும் பயணம் செய்யும். இன்னொரு வசதி: காற்றழுத்தம் தண்டின் இருபக்க இறக்கைகளையும் சமமாகத் தள்ளுவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். சாதாரணக் கதவைப் போல அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆனால் கூட்டம் முண்டியடித்தால் அதுவே பொறி. 1942இல் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பிடித்தபோது சுழற்கதவு சிக்கிக்கொண்டது. மொத்தம் 492 பேர் இறந்தார்கள். அப்புறம்தான் பக்கத்திலேயே வெளிநோக்கித் திறக்கும் கதவும், அழுத்தினால் மடங்கும் இறக்கைகளும் அங்கே கட்டாயமாயின.

அரசியலிலும் சுழற்கதவு என்கிறார்கள். ஒரு துறையை மேற்பார்த்த அதிகாரி பதவி விலகி அதே துறைக் கம்பெனியில் சேர்வார், பிறகு அங்கிருந்து அரசுக்கே திரும்புவார். உவமை பாதிதான் சரி என்பேன். அசல் கதவு வெளிக்காற்றைத் தடுக்கச் செய்தது. இதில் ஆளோடு எல்லாமே உள்ளே வந்துவிடும்.

எங்கள் ஊரில் சுழற்கதவு வைத்தால் அரிசி மூட்டையோடு யார் நுழைவது? உறைந்த கோழி விற்கும் கடையில் பிளாஸ்டிக் கீற்றுத் திரை தொங்குகிறது. நாம் போனதும் அது தானாக மூடிக்கொள்கிறது.