மூன்றாம் நாள் ஏறும் பல்வலி

பல் பிடுங்கிய அன்றும் மறுநாளும் வலிக்கத்தான் செய்யும். மூன்றாம் நாளிலிருந்து அது இறங்க வேண்டும். இறங்காமல் ஏறி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் தெறித்து, வாயும் நாறினால், பெரும்பாலும் அது ‘டிரை சாக்கெட்’. சாதாரணமாகப் பிடுங்கும் பற்களில் நூற்றுக்கு 1 முதல் 5 வரை இப்படி ஆகும். கீழ்த்தாடை ஞானப்பல்லில் இன்னும் அதிகம்.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அடியிலுள்ள எலும்புக்கு அதுதான் மூடி. புதுச் சதை அதைப் பற்றித்தான் வளரும். ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அந்தக் கட்டியைப் பிணைத்திருக்கின்றன. எடுக்கும்போது எலும்பு அதிகம் அடிபட்டாலோ, அங்கே முன்பே கிருமித்தொற்று இருந்தாலோ, பிளாஸ்மின் என்ற நொதி கூடுதலாக உருவாகி இழைகளை அறுத்துவிடுகிறது. கட்டி கரைய, எலும்பு வெறுமையாகிறது. இதுதான் டிரை சாக்கெட். எச்சிலும் சோற்றுப் பருக்கையும் பட்டாலே வலியில் உயிர் போகும். புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதில் இங்கே பயனில்லை. வெறும் எலும்பை மாத்திரை மூடாது. பல் மருத்துவர் வெதுவெதுப்பான சலைன் (உப்பு) நீரைச் சிரிஞ்சில் எடுத்துக் குழியைக் கழுவி, யூஜெனால் கலந்த மருந்துத் துணியை உள்ளே வைப்பார். பலருக்கு அன்றே வலி தணியும். ஓரிரு நாளுக்கொரு முறை மாற்றினால் 7 முதல் 10 நாளில் சரியாகும்.

யூஜெனால் கிராம்பு எண்ணெயில் உள்ளதுதான். அதற்காக எண்ணெயை நேராகக் குழியில் விடாதீர்கள், சதை வெந்துவிடும். ஆஸ்பிரினை ஈறில் வைத்தாலும் அப்படியே.

மருத்துவரைப் பார்க்கும்வரை, பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பின் ஐபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாரசிட்டமால் 500 மி.கி.யும் சேர்த்து 8 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கலாம். தனித்தனியாக எடுப்பதைவிட இந்தச் சேர்க்கை நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், டெங்கு சந்தேகம் உள்ளவர்களும் ஐபுப்ரோஃபென் பக்கம் போகவே கூடாது. கல்லீரல் நோயுள்ளவர்கள் பாரசிட்டமாலுக்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பிடுங்கிய முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்காதீர்கள், வேகமாகத் துப்பாதீர்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சினாலும் கட்டி பெயரலாம். பிறகு ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, சூடு ஆறியதும், உணவுக்குப் பின் மெல்லக் கொப்பளியுங்கள். பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை குறைந்தது 3 நாளுக்கு வேண்டாம். ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது.

காய்ச்சல், மூன்று நாளுக்குப் பிறகும் கூடும் வீக்கம், வாய் திறக்க முடியாமை ஆகியவை டிரை சாக்கெட்டின் குணங்கள் அல்ல. அவை பரவும் தொற்றின் அறிகுறி. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தாடைக்கு அடியில் கல்லாக வீங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி இறங்கிவரும்போது குழியில் வெளிர்மஞ்சள் படலம் தெரிந்தால் சீழ் என்று பயந்து சுரண்டவேண்டாம். பெரும்பாலும் அது ஃபைப்ரின் படலம். ஆறும் புண்ணுக்கு அது மூடி.