ரக், டெவ், எக்ஸிட் லிக்விடிட்டி: மீம்காயின் பேச்சும் அதற்குப் பின்னுள்ள கணக்கும்

என் அக்கா மகன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். ஒருநாள் ராத்திரி போன் செய்து, "மாமா, ரக் ஆயிடுச்சு" என்றான். பட்டறையில் ஏதோ அடிபட்டுவிட்டது என்று பதறிப்போனேன். விசாரித்தால், மூன்று மாதச் சேமிப்பு தவளைப் படம் போட்ட ஒரு மீம்காயினில், அதாவது இணையக் கேலிப் படத்தின் பெயரில் வரும் கிரிப்டோ நாணயத்தில், போயிருந்தது. அதன் பிறகுதான் அவனும் அவன் சிநேகிதர்களும் பேசும் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். லிக்விடிட்டி பூல் என்ற ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், மற்ற சொற்களில் பாதி தானாகப் பிடிபடும்.

கொலுசு அறுந்தாலும் உருக்கினால் வெள்ளி மிஞ்சும். மீம்காயினில் உருக்குவதற்கு எதுவும் கிடையாது. முதல் மீம்காயினான டோஜ்காயினை 2013 டிசம்பரில் பில்லி மார்க்கஸ், ஜாக்சன் பால்மர் என்ற இரண்டு பொறியாளர்கள் வேடிக்கைக்காகவே உருவாக்கினார்கள்.

சரி, பூலுக்கு வருவோம். லீ பஜாரில் ஒரு மூட்டை மஞ்சளை விற்க வேண்டுமானால் எதிரில் வாங்குபவர் நிற்க வேண்டும். மீம்காயினில் எதிரில் நிற்பது ஒரு நிரல். அதனிடம் இரண்டு குவியல்கள் இருக்கும்: ஒன்று காயின், இன்னொன்று பணம். இவை இரண்டும் சேர்ந்ததுதான் பூல். நிஜத்தில் அந்தப் பணம் சொலானா, ஈதர் போன்ற பெரிய காயின்களாக இருக்கும். நாம் ரூபாயாகவே வைத்துக்கொள்வோம். நிரலுக்குத் தெரிந்தது ஒரே விதிதான். கட்டணத்தை விட்டுவிட்டால், இரண்டு குவியல்களையும் பெருக்கினால் வரும் எண் மாறக் கூடாது.

காயினை உருவாக்கியவரை 'டெவ்' என்பார்கள். அவர் 1 கோடி காயின்களை உருவாக்கி, 10 லட்சம் காயினையும் 10 லட்சம் ரூபாயையும் பூலில் போடுகிறார். மீதி 90 லட்சம் காயின் அவர் கையில். பணக் குவியலைக் காயின் குவியலால் வகுத்தால் வருவதுதான் விலை; இப்போது 1 ரூபாய். பலர் சேர்ந்து 10 லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறார்கள். பணக் குவியல் 20 லட்சம் ஆகிவிட்டதால், காயின் குவியல் 5 லட்சமாகக் குறைந்தால்தான் பெருக்கல் சரியாக வரும். அந்த 5 லட்சம் காயின் வாங்கியவர்களுக்குப் போய்விடும். புதிய விலை 4 ரூபாய். கடைசி விலையை மொத்தக் காயினால் பெருக்கி, 'மார்க்கெட் கேப் 4 கோடி' என்று திரை காட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பூலில் இருப்பது 20 லட்சம்தான். திரையில் தெரியும் 4 கோடி எங்கேயும் இல்லை.

இப்போது டெவ் தன் கையிருப்பில் 20 லட்சம் காயினை மட்டும் விற்கிறார். காயின் குவியல் 25 லட்சம் ஆகிறது; பணம் 4 லட்சத்துக்கு இறங்குகிறது. 16 லட்சம் டெவ்விடம். விலை 16 பைசா. வாங்கியவர்கள் தங்கள் 5 லட்சம் காயினையும் உடனே விற்றால்கூட, போட்ட 10 லட்சத்தில் திரும்புவது ஏறக்குறைய 67 ஆயிரம். இப்படி ஒருவர் வெளியேறுவதற்குப் பணம் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குத்தான் 'எக்ஸிட் லிக்விடிட்டி' என்று பெயர். விற்க முடியாமல் காயினோடு நிற்பவர் 'பேக் ஹோல்டர்'.

ரக் புல் என்பது இன்னும் நேரடியானது. பவானி ஜமுக்காளத்தை விரித்து ஊரையே உட்காரவைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து உருவுவது போல. பூலில் முதலில் பணம் போட்டவருக்கு ரசீது போல 'எல்பி' என்ற டோக்கன் கிடைக்கும். அதைக் காட்டிப் பூலையே காலி செய்யலாம். அதனால்தான் 'எல்பி லாக்', 'எல்பி பர்ன்' என்று விளம்பரம் செய்கிறார்கள்; ரசீதைப் பூட்டிவிட்டோம், அழித்துவிட்டோம் என்று பொருள். ஆனால் டெவ் கையிலுள்ள 90 லட்சம் காயினை அந்தப் பூட்டு தடுக்காது.

'ஹனிபாட்' காயினை வாங்கலாம், விற்க முடியாது. நிரலே அப்படி எழுதப்பட்டிருக்கும். 2021 நவம்பர் 1 அன்று ஸ்குவிட் என்ற காயின் 2,800 டாலரைத் தாண்டி, சில நிமிடங்களில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே விற்க முயன்று முடியாமல் தவித்தவர்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு சொற்களின் மேல். விற்காமல் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு 'டைமண்ட் ஹேண்ட்ஸ்', பயந்து விற்பவனுக்கு 'பேப்பர் ஹேண்ட்ஸ்'. 'ஹோட்ல்' என்ற சொல்லும் 2013 டிசம்பரில்தான் பிறந்தது; பிட்காயின் விலை சரிந்தபோது ஒருவர் ஹோல்டிங் என்பதைத் தப்பாகத் தட்டச்சு செய்தது அது. சந்தேகம் எழுப்பினால் 'ஃபட் பரப்பாதே', அதாவது பயத்தையும் சந்தேகத்தையும் கிளப்பாதே, என்பார்கள். மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மற்றவர்கள் விற்காமல் இருக்கும் வரைதான் பெரிய கையிருப்புக்காரர் நல்ல விலைக்கு வெளியேற முடியும். பொறுத்திருப்பதை வீரம் என்று சொல்லும் இந்தப் பேச்சு அவருக்குத்தான் உதவுகிறது.

லாபம் வந்தாலும் நம் நாட்டில் 30 சதவீத வரி உண்டு, 2022 ஏப்ரல் முதல். ஒரு காயினில் விட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பட்டறையில் இதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் போனில் ஒரு புதுக் காயினைக் காட்டினான். மார்க்கெட் கேப்பை அவன் பார்க்கவே இல்லை. நேராகப் பூலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். அப்புறம் யார் யாரிடம் எவ்வளவு காயின் இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, மேலே இருந்த முதல் பத்து வாலட்டுகளை, அதாவது காயின் வைத்திருக்கும் கணக்குகளை, விரல்விட்டுக் கூட்டினான். மொத்தக் காயினில் பாதிக்கு மேல் வந்தது.

"இவங்க வித்தா நமக்கு என்ன மாமா மிஞ்சும்?" என்று கேட்டு, கணக்குப் போடத் தாள் எடுத்தான்.